செல்லாயி சுற்றாத முதல் சுற்று

பொன்னாத்தாளின் கை ராசியான கை என்பது புதுச்சத்திரத்தைச் சுற்றிப் பத்துக் கல் தூரத்துக்குத் தெரிந்த விஷயம். அவர் தொட்டுக் கொடுத்த விதை முளைக்காமல் போனதில்லை என்பார்கள். அவர் தேங்காய் உடைத்த இடத்தில் போர் போட்டால் தண்ணீர் வராமல் இருந்ததில்லை என்பார்கள். முளைக்காத விதைகளையும் புழுதி மட்டும் கக்கிய போர்களையும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

அவருடைய கணவர் சின்னுசாமிக்கு நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பட்டறை. முதலில் போர் போடும் ரிக் லாரிகளுக்கு உதிரி பாகம் செய்தார், பிறகு போர்வெல் மோட்டார். நான்கு வருடங்களுக்கு முன்னால், நான் வேலை பார்க்கும் ஐரோப்பிய ஆய்வகத்தின் வேலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. அணுவைவிடச் சிறிய துகள்களை வட்டப் பாதையில் ஓடவிடும் பெரிய இயந்திரம் எங்களுடையது. ஓடுகிற துகளை வளைத்துத் திருப்ப வலுவான காந்தம் வேண்டும். அந்தக் காந்தத்தின் கம்பி மீக்கடத்தி. கடுங்குளிரில் வைத்தால் மின்சாரம் தடையே இல்லாமல் அதில் ஓடும். ஆனால் சுற்றிய கம்பி, மின்சாரம் ஓடும்போது முடியளவு நகர்ந்தாலும் போதும். அந்த உரசலில் பிறக்கும் சூட்டிலேயே குளிர் கெட்டு, காந்தம் ஒரு நொடிக்குள் செத்துவிடும். அதனால் கம்பியைச் சுற்றுகிற கைதான் எல்லாம். சின்னுசாமியின் பட்டறையில் அந்தக் கை செல்லாயியுடையது.

செல்லாயிக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. சேந்தமங்கலத்துக்காரர். பதினேழு வயதில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில், அதாவது கம்பிச்சுருள், கட்டும் கடையில் சேர்ந்தவர். கணவர் வீரன் ரிக் லாரியில் சத்தீஸ்கர் பக்கம் போனவர். துளையிடும் இரும்புக் குழாய் நழுவித் தலையில் விழுந்து அங்கேயே இறந்தார். அதற்கு அடுத்த மாதமே செல்லாயி வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பதை ஊரில் இன்னும் ஒரு குற்றமாகத்தான் சொல்கிறார்கள்.

இருபத்தேழு வருடங்களில் அவர் கட்டிய மோட்டார்கள் எத்தனை என்று அவருக்கே தெரியாது. ஒன்றிலும் அவர் பெயர் கிடையாது, கடைக்காரரின் ஸ்டிக்கர்தான். எங்கள் வேலையில் அப்படி இல்லை. ஒவ்வொரு காயிலுடனும் ஒரு தாள் போகும். சுற்றியவர் பெயர் அதில் இருக்க வேண்டும். தேர்வுக் காயில் ஒன்றைச் சுற்றித் தேறியவர்களின் பெயர்கள் ஒரு பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியலில் இல்லாதவர் பெயரைத் தாளில் எழுதக்கூடாது. புதுச்சத்திரம் பட்டியலில் ஒரே பெயர்தான். அதை ஆங்கிலத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத செல்லாயி, தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று சின்னுசாமியின் மருமகள் சுகன்யாவிடம் கேட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். சுகன்யா திருச்செங்கோட்டில் பொறியியல் படித்தவள். இந்தக் கதையில் நான் நேரில் பார்க்காதவற்றை அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

எங்கள் கம்பி உருண்டைக் கம்பி அல்ல. முப்பத்தாறு இழைகளைப் பின்னித் தட்டையாக்கிய நாடா. நேராக ஓடும்வரை சாதுவாக இருக்கும். முனையில் திரும்பும்போதுதான் குணத்தைக் காட்டும். விளிம்பில் நிற்கச் சொன்னால் சாயும், அழுத்தினால் முறுக்கிக்கொள்ளும். நடுவில் இருக்கிற கட்டையை ஒட்டிப் போகிற முதல் சுற்று எல்லாவற்றிலும் மோசம், ஏனென்றால் அதற்குத்தான் வளைவு மிகச் சிறியது. காந்தம் ஓடும்போது அதிகமான விசையைத் தாங்குவதும் அதே சுற்றுதான். செல்லாயி அந்த வளைவில் இடது கட்டைவிரலால் நாடாவின் அடியைத் தாங்கி, வலது கையால் ஒரு நைலான் பட்டையை வைத்து மெதுவாகத் தள்ளி உட்காரவைப்பார். எங்கள் ஆய்வகப் பொறியாளர்கள் அதற்கு ஒரு கருவி செய்ய வேண்டும் என்று இரண்டு வருடமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் முதல் சுற்றைச் செல்லாயி சுற்றக்கூடாது.

அது பட்டறையின் வழக்கம். எந்தப் புது வேலையும் பொன்னாத்தாள் கையால்தான் தொடங்கும். கற்பூரம் காட்டி, தேங்காய் உடைத்து, அவர் நாடாவைப் பிடித்துக் கட்டையைச் சுற்றி ஒரு சுற்று கொண்டுவந்து விடுவார். அதன் பிறகு செல்லாயி.

"அக்கட்ட தள்ளி நில்லு செல்லாயி," என்பார் பொன்னாத்தாள். குரலில் கோபம் இருக்காது. "நெழலு மேல படாம நில்லு கண்ணு."

"நின்னுட்டேனுங்க."

"தப்பா நெனச்சுக்காத புள்ள," என்று சின்னுசாமி சமாதானம் சொல்வார். "உன்ர கையில தொழில் இருக்குது. அவ கையில ராசி இருக்குது. ரெண்டும் சேந்தாத்தான வண்டி ஓடும்?"

செல்லாயி மறுத்துப் பேசியதில்லை. கும்பிட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனதும், பொன்னாத்தாள் போட்ட சுற்றைப் பிரித்து, நாடாவை உருளைக்குத் திருப்பி, தானே புதிதாகச் சுற்றிவிடுவார். அரை மணி நேர வேலை. முதல் மூன்று காயில்களும் அப்படித்தான் தேறின. பொன்னாத்தாளின் கைராசி வெளிநாட்டு இயந்திரத்திலும் செல்லுபடியானது என்று ஊரில் பேச்சு கிளம்பியது.

நான்காவது காயில் மாதிரிக் காந்தத்துக்கு உரியது. ஒரு மீட்டர் நீளத்தில் சிறிய காந்தம் ஒன்று செய்து, அதை இறுக்கி, குளிர்வித்து, தாங்குகிறதா என்று பார்ப்போம். தாங்கினால் உண்மையான வேலை, நாற்பது காயில், தொடங்கும். அதற்காக ஆய்வகம் என்னை அனுப்பியது. சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

அன்று தோரணம் கட்டியிருந்தார்கள். பொன்னாத்தாள் பட்டுச் சேலையில் வந்தார். நான் கைபேசியில் படம் பிடித்தேன். பூசை, தேங்காய், வளையல் போட்ட கை நாடாவைச் சுற்றுவது, எல்லாம். செல்லாயி சுவர் ஓரமாக நின்றார். பிறகு அவரையும் எடுக்க வேண்டும் என்று நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சாப்பிடக்கூடப் போகவில்லை; இலை போட்டதை மறுத்ததற்குச் சின்னுசாமிக்கு வருத்தம்தான்.

"நீங்க போயி உண்டுட்டு வாங்க சாமி. நான் இருக்கறேன்," என்றார் செல்லாயி.

"பரவால்லீங்க்கா. நீங்க சுத்துங்க, நான் பாக்கறேன்."

"பசிக்கலீங்களா?"

"இல்லீங்க்கா."

அவர் இன்னொரு முறை என்னைப் பார்த்தார். பிறகு இரண்டாவது சுற்றைத் தொடங்கினார்.

மூன்று மாதம் கழித்து மாதிரிக் காந்தம் சோதனைக்குத் தயாரானது. மேலே முன்பே தேறிய ஒரு காயில், கீழே நான் படம் பிடித்த அன்று சுற்றிய காயில், இரண்டையும் துருப்பிடிக்காத எஃகுத் தகடுகளால் கவ்வி, பெரிய பிரஸ்ஸில் வைத்து நெரித்து, ஆப்பு அடித்திருந்தார்கள். நடுக்கட்டையை ஒட்டி நான்கு இடங்களில் அழுத்தத்தை அளக்கும் உணரிகள். சேலத்திலிருந்து திரவ நைட்ரஜன் வந்து இறங்கியபோது, "மாட்டுக்குச் சினை ஊசி போடறவன் கேன்ல வெச்சிருப்பானே, அதேதானுங்களா?" என்று ஒருவர் கேட்க, "ஆமா, காந்தம் கன்னு போடப் போவுது," என்று இன்னொருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செல்லாயியும் சிரித்தார்.

குளிர்ந்ததும் மூன்று உணரிகள் சரியான எண்ணைக் காட்டின. நான்காவது இறங்கிக்கொண்டே வந்து பூச்சியத்தில் நின்றது. அந்த இடத்தில் கீழ்க் காயில் கட்டையை விட்டு விலகிவிட்டது என்று பொருள்.

காயிலைக் குறுக்காக அறுத்துப் பார்க்க வேண்டும். நானே மறுபடியும் போனேன். ரம்பத்தில் வைத்து ஒரு வில்லையாக அறுத்தெடுத்து, அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, உருப்பெருக்கியின் கீழே வைத்தோம். பதினைந்து சுற்றுகளில் பதினான்கு, அடுக்கிய சீட்டுக்கட்டு மாதிரி நின்றன. முதல் சுற்று மட்டும் சாய்ந்து, அதன் பின்னால் ஒரு சிறு பொந்து.

"இருவத்தேழு வருசமா காயில் கட்டறேன், காயில் கட்டறேன்னு பீத்திக்கிட்டா," என்றார் சின்னுசாமி, எல்லோருக்கும் கேட்கும்படி. "மொதல் சுத்தே ஒக்காரலியே!"

பொன்னாத்தாள் பக்கத்தில்தான் நின்றார். "அவளைச் சொல்லி என்ன பண்றது? அன்னைக்கே தள்ளி நில்லுன்னு சொன்னேன். கண்ணெடுக்காம பாத்துக்கிட்டே நின்னா. பார்வை பட்டுப்போச்சு."

அவர்கள் போன பிறகு, செல்லாயி ரம்பத்தின் தூளைக் கூட்டிக்கொண்டே என் பக்கம் வந்தார்.

"அந்தச் சுத்து நான் சுத்துனதில்லீங்க சாமி."

"பின்ன யாருங்க்கா?"

"நீங்கதான் படம் புடிச்சீங்களே. போட்டுப் பாருங்க, யாரு கைன்னு."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பிரித்துச் சுற்றிய மூன்று காயில்கள், அன்று நான் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தது, எல்லாம். "நீங்க அன்னைக்கு ஒரு வாய் சோறு உண்டிருந்தா இந்தக் காயிலும் தேறியிருக்குமுங்க," என்று முடித்தார். குற்றம் சாட்டும் குரல் இல்லை. கணக்குச் சொல்லும் குரல்.

"எம்பேரை அழிச்சுப்போடாதீங்க சாமி. அது ஒண்ணுதான் கேக்கறேன்."

படம் என் கைபேசியில் இருந்தது. ஆய்வகத்தின் உணவு அறையில் நான் அதைப் பலருக்கும் காட்டியிருந்தேன். எங்கள் ஊரில் காந்தத்துக்குக்கூடத் தேங்காய் உடைப்பார்கள் என்று சொல்லிச் சிரிக்கவைத்திருந்தேன். அதே மனிதர்களிடம் இப்போது, சுற்றுகிறவர் விதவை, அதனால் அவர் தொடங்கக்கூடாது என்று விளக்க வேண்டும். அதை எந்த வார்த்தைகளில் எழுதுவது என்று இரண்டு நாள் யோசித்தேன். யோசிக்க யோசிக்க, அறிக்கைப் படிவத்தில் காரணம் எழுதும் இடத்தில் ஏற்கனவே அச்சடித்துக் கிடந்த சொற்களே பாதுகாப்பாகத் தெரிந்தன. காரணம்: சுற்றுநரின் கைப்பிழை. சுற்றுநர்: செல்லாயி. பட்டியலில் பெயர் சிவப்புக் கோட்டால் அடிக்கப்பட்டது.

ஆனால் இரண்டு காரியம் செய்தேன். மறுதேர்வுக்கு ஒரு வாய்ப்பு கேட்டு வாங்கினேன்; அதில் தேறினால் நாற்பது காயிலும் அந்தப் பட்டறைக்கே. விதிகளில் ஒரு வரி சேர்த்தேன்: முதல் சுற்றிலிருந்து கடைசிச் சுற்று வரை பட்டியலில் பெயர் உள்ளவரே சுற்ற வேண்டும், வேறு யார் கையும் படக்கூடாது. இனி பொன்னாத்தாள் தொட முடியாது. யாரையும் புண்படுத்தாமல் செல்லாயியைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுதேர்வுக் காயில் எந்தக் காந்தத்துக்கும் போகாது. சுற்றி, சூட்டில் இறுக்கி, அளந்து, அறுத்துப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்கு. அதனால் அன்று தோரணம் கிடையாது, கற்பூரம் கிடையாது.

பொன்னாத்தாள் மட்டும் வாசல் வரை வந்தார். "நீயே ஆரம்பிச்சுக்க," என்றார். "அறுக்கற காயிலுக்கு அறுத்தவ கை போதும்." நூல் உருளை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"சரிங்க," என்றார் செல்லாயி. "தேங்காயும் நானே ஒடச்சுக்கட்டுங்களா?"

சிரிப்பு நின்றது. பொன்னாத்தாள் திரும்பிப் போய்விட்டார்.

அன்று செல்லாயி சுற்றியதைச் சுகன்யா முழுவதும் பார்த்தாள். முதல் வளைவில் மட்டும் இருபது நிமிடம் நின்றாராம். உட்காராத இடத்தைப் பிரிப்பார், மறுபடி வைப்பார், கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "இப்ப உக்காந்துட்டயா?" என்று நாடாவைக் கேட்டாராம். "இல்லீன்னா இப்பவே சொல்லிப்போடு. அறுத்துப் பாக்கறப்ப மானத்தை வாங்காத." பதினைந்தாவது சுற்றைக் கட்டி முடித்தபோது அவர் இடது கட்டைவிரல் நகக்கண் வெடித்து இரத்தம் கட்டியிருந்தது.

அழுத்தி அளந்தபோது, காயிலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு வித்தியாசம் தலைமுடியின் கனத்தில் கால் பங்குகூட இல்லை. அறுத்த வில்லையில் பொந்து என்று சொல்ல ஒரு புள்ளிகூட இல்லை. அதன் படத்தைச் சுகன்யா எனக்கு அனுப்பினாள். ஆய்வகத்தில் நாற்பது வருடம் காயில் சுற்றிய ஒருவர் என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டு, இதைச் சுற்றியது யார் என்று கேட்டார்.

மறுதேர்வுத் தாளில் சுற்றியவர் பெயர் எழுதுகிற இடம் இன்னும் காலியாக இருந்தது. அன்று மாலை சின்னுசாமியின் வீட்டில் சுகன்யா புதிய விதியைத் தமிழில் சொன்னாள்.

"இன்னொருக்கா சொல்லு கண்ணு," என்றார் சின்னுசாமி. அவள் சொன்னாள்.

"அப்ப நாப்பது காயிலையும் அவளா ஆரம்பிக்கறது?"

பொன்னாத்தாள் சொன்னார்: "ஊட்டுல இஞ்சினியரு மருமவ இருக்கறா. பேரு அவ பேரா இருந்துட்டுப் போவுது."

"அத்தை, நான் சுத்தலீங்களே."

"பக்கத்துல நின்னயில்ல?"

"நின்னேனுங்க. ஆனா..."

"சுமங்கலி பக்கத்துல நின்னதாலதான் அந்தக் காயிலே தேறுச்சு. இல்லீன்னா இதுவும் போனது மாதிரியேதான் போயிருக்கும். எழுது."

சுகன்யா எழுதினாள். என்னிடம் இதைச் சொல்லும்போது, எழுதக் கை வரவில்லை என்றாள். எழுத்து நேராகத்தான் இருந்தது. அந்தத் தாளை நான் பார்த்திருக்கிறேன்.

சென்னையிலிருந்து நந்தகுமார் என்ற ஆய்வாளர் வந்தார். நாங்கள் அமர்த்தியவர், தாளில் இருப்பதும் பொருளில் இருப்பதும் ஒன்றா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுபவர். காயில் எண்ணைச் சரிபார்த்தார், அளவுகளைச் சரிபார்த்தார். கடைசியாக வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"இந்தக் காயில் யார் சுத்தினது?"

"நானுங்க சார்," என்றார் செல்லாயி.

நந்தகுமார் தாளைப் பார்த்தார். "ஷீட்ல வேற பேர் இருக்கேம்மா."

"ஷீட்டு சுத்தலீங்க சார். நான் சுத்துனேன்." இடது கட்டைவிரலை நீட்டிக் காட்டினார்.

"அதுக்குக் கொஞ்சம் ஆசை சார்," என்றார் சின்னுசாமி சிரித்துக்கொண்டே. "முந்தி ஒரு காயிலைக் கெடுத்துப்போட்டு, பேரை அடிச்சுட்டாங்க. அதுலருந்து மனசு ஒரு மாதிரி. பாவம், புருசனும் இல்ல."

நந்தகுமார் செல்லாயியின் விரலைப் பார்த்தார். பிறகு சுகன்யாவிடம் திரும்பினார். "மேடம், நீங்க சொல்லுங்க."

சுகன்யாவின் இரண்டு பக்கத்திலும் மாமனாரும் மாமியாரும் நின்றார்கள்.

"நான்தான் சார்."

செல்லாயி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு," என்றார். "நீதான் பக்கத்துல இருந்து பாத்தயே."

சுகன்யா தரையைப் பார்த்தாள். நந்தகுமார் கையெழுத்துப் போட்டார். அவர் குறிப்பு எழுதும் இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. அன்று அவருக்கு ஈரோட்டில் இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டியிருந்தது.

அவர் கார் கிளம்பியதும் சின்னுசாமி செல்லாயியைக் கூப்பிட்டார். அவர் கோபப்படவில்லை. "உன்னைய யாரு போவச் சொன்னா? மொதல் சுத்து மட்டும் சுகன்யா. அதுக்கப்புறம் நீயே சுத்து, எப்பவும் போல. ஆரு வந்து பாக்கறாங்க?"

"பேருங்க?"

"பேரை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற? தேருல ஏறி ஊர்வலம் போவப் போறயா?"

செல்லாயி நைலான் பட்டையை மேசையில் வைத்துவிட்டு, காலையில் வாசலில் விட்ட செருப்பை மாட்டிக்கொண்டு, சேந்தமங்கலம் பஸ்ஸுக்கு நடந்தார்.

காயில் கட்டும் கடைகள் அங்கே ஏழெட்டு இருக்கின்றன. எல்லோருக்கும் அவரைத் தெரியும். ஆனால் வெளிநாட்டுக் காந்தத்தைக் கெடுத்தவள் என்ற செய்தி அவருக்கு முந்திய பஸ்ஸிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. எங்கள் அறிக்கையின் நகல் ஒன்றை யாரோ கைபேசியில் பரப்பியிருந்தார்கள். ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் சிவப்புக் கோடு புரியும். கடைசியில் பழைய முதலாளி ஒருவர் இடம் கொடுத்தார், காயில் கட்ட அல்ல. எரிந்துபோன மோட்டாரைப் பிளந்து, சூடேற்றி, கருகிய கம்பியைக் குறடால் பிடித்து இழுத்து வெளியே எடுக்கும் வேலை. புதுக் கம்பியை வேறொருவர் கட்டுவார்.

முதல் வளைவுக்கு எங்கள் ஆய்வகம் ஒரு கருவி செய்து அனுப்பியது. அதை வைத்துச் சுகன்யா தொடங்க, வேலைக்கு எடுத்த வேறு இருவர் சுற்ற, நாற்பது காயிலும் தேறின. விதியின் அந்த வரியை யாரும் மறுபடி எடுத்துப் படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை.

மறுதேர்வுக் காயிலின் வில்லை அறிக்கையோடு எங்களுக்கு வந்தது. எல்லோருக்கும் அது பிடித்துப்போனது. வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, இப்படித்தான் சுற்ற வேண்டும் என்று பார்வையாளர்களுக்குக் காட்டுகிறார்கள். கீழே ஒரு சிறு பித்தளைத் தகட்டில் சுகன்யாவின் பெயர். இந்தியா என்றும் இருக்கிறது.

போன மாதம் செல்லாயிக்குப் போன் செய்தேன். எண் மாறவில்லை. பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது.

"உங்க காயில் துண்டு இங்கதாங்க்கா இருக்குது. கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்கறாங்க. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க."

"அப்படீங்களா?" குரல் கொஞ்சம் உயர்ந்தது. "நல்லா இருக்குதுங்களா? துரு கிரு ஏறலியே?"

"இல்லீங்க்கா. அப்படியே இருக்குது."

"பேரு ஆரு பேருங்க சாமி போட்டிருக்குது?"

"பேரெல்லாம் போடலீங்க்கா," என்றேன். "சும்மாதான் வெச்சிருக்கறாங்க."

அவர் சிரித்தார்.

"பொய் சொல்றதுக்கா சாமி அத்தனை தொலைவு போனீங்க?" என்றார். "போனை வெய்யுங்க. மோட்டாரு சூடா இருக்கறப்பவே இழுத்தாத்தான் கம்பி வரும்."